'கடைசி ஆள்' என்று விதியில் எங்கும் இல்லை: கோல் வாய்ப்பைப் பறிக்கும் ஃபவுலுக்கு எந்தக் கார்டு, ஏன்?

பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியில் ஃபார்வர்ட் ஒருவர் பந்தோடு பெனால்டி பாக்ஸுக்குள் நுழைகிறார். எதிரே கோல்கீப்பர் மட்டும். பின்னால் ஓடிவந்த டிஃபெண்டர் பந்தைத் தட்டிவிடக் காலை நீட்டுகிறார். பந்து தப்பிவிடுகிறது, ஃபார்வர்டின் கணுக்கால் மாட்டுகிறது. பெனால்டி, மஞ்சள் கார்டு (எச்சரிக்கை). இரண்டாம் பாதியில் எதிர்முனையில் அச்சு அசலாக அதே காட்சி. ஒரே வித்தியாசம், கால் மாட்டிய இடம் பாக்ஸ் கோட்டுக்கு ஓரடி வெளியே. ஃப்ரீ கிக், சிவப்பு கார்டு (ஆட்டத்திலிருந்து வெளியேற்றம்).

மேற்கு ஸ்டாண்ட் கொதிக்கும். "உள்ளே தள்ளிவிட்டா மஞ்சள், வெளியே தள்ளிவிட்டா சிவப்பா? ரெஃப்ரிக்கு என்ன ஆச்சு?" அன்றிரவு வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடுவர் விலைபோய்விட்டார் என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

இரண்டு முடிவுகளும் சரி. ஏன் சரி என்பதைப் புரிந்துகொள்ள, ஃபவுலின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தாக்கிய அணியிடமிருந்து பறிபோனது எவ்வளவு, நடுவரின் முடிவால் அதில் திரும்பக் கிடைத்தது எவ்வளவு என்ற கணக்கு. இந்த வகை ஃபவுலில் கார்டின் நிறம் பெரும்பாலும் அந்தப் பாக்கியைத்தான் காட்டுகிறது.

முதலில் பெயர்கள்

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். ஃபவுல், கார்டு சமாச்சாரமெல்லாம் 12ஆவது விதியில். அங்கே சிவப்பு கார்டுக்குரிய குற்றங்களின் பட்டியலில் 'எதிரணியின் வெளிப்படையான கோல் வாய்ப்பை மறுத்தல்' என்று ஒன்று இருக்கிறது. நடுவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாக்சோ' என்பார்கள். வர்ணனையாளர் வாயில் அடிபடுவது இதுதான்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: 'நம்பிக்கை தரும் தாக்குதலை நிறுத்துதல்'. அதற்கு மஞ்சள். ஒரு தாக்குதல் நன்றாக உருவாகிக்கொண்டிருந்தது, ஆனால் கோல் வாய்ப்பு என்று அடித்துச் சொல்லும் நிலைக்கு வரவில்லை என்றால் தம்பி. அந்த நிலைக்கு வந்துவிட்டது என்றால் அண்ணன். இரண்டையும் பிரிக்கும் சுவர் ஒரே ஒரு சொல்: 'வெளிப்படையான'. நடுவருக்குச் சந்தேகம் இருந்தால், அந்தச் சந்தேகமே அது வெளிப்படையாக இல்லை என்பதற்குச் சாட்சி.

ஆஸ்டின் டவுன் மைதானத்திலோ, பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கவுதமபுராவிலோ ஆட்டம் பார்க்க நின்றால் காதில் விழுவது வேறு சொல்: "லாஸ்ட் மேன்!" கடைசி ஆள் ஃபவுல் செய்தால் சிவப்பு என்பது நம் ஊர்த் தெருக்களின் எழுதாத சட்டம். நம் ஊர் மட்டுமில்லை, உலகம் முழுக்க இதே கதைதான். ஆனால் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாலும் 'கடைசி ஆள்' என்ற சொல் கிடைக்காது. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது

1980 மே 10. லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், வெஸ்ட் ஹாம் - ஆர்சனல். வெஸ்ட் ஹாம் 1-0 என முன்னிலையில் இருக்க, முடிய சில நிமிடங்களே பாக்கி. 17 வயது பால் ஆலன் பந்தோடு தனியாக ஆர்சனல் கோலை நோக்கி ஓடுகிறார். ஆர்சனலின் வில்லி யங் பின்னாலிருந்து அவர் காலைத் தட்டி விழவைக்கிறார். பந்தைப் பறிக்கும் பாவனைகூட அதில் இல்லை. மஞ்சள் கார்டோடு முடிந்தது.

நடுவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய விதியில் அவ்வளவுதான் இடம். யங் போட்ட கணக்கும் அந்த விதிப்படி சரியான கணக்கு: ஒரு கோலுக்குப் பதில் ஒரு ஃப்ரீ கிக், ஒரு மஞ்சள். யாராக இருந்தாலும் அந்த வியாபாரத்தைச் செய்வார்கள். இதற்கு 'புரொஃபஷனல் ஃபவுல்' என்று கௌரவமான பெயர் வேறு.

இந்த மாதிரி வியாபாரத்தை நஷ்டமாக்க வேண்டும் என்ற பேச்சு இங்கிலாந்தில் வலுத்து, 1990 உலகக் கோப்பையை ஒட்டிய ஆண்டுகளில் உலக விதியாகவே ஆனது. இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காலை உடைப்பவனுக்காக எழுதிய விதி இது அல்ல. அதற்கு 'கடும் ஃபவுல்' என்று தனிப் பிரிவு உண்டு. மெல்லச் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் இந்த விதியில் சிவப்பு வரலாம். "லேசாத்தானே தொட்டான்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

நடுவர் கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகள்

ஃபவுல் நடக்காமல் இருந்திருந்தால் அடுத்த இரண்டு மூன்று வினாடிகளில் என்ன நடந்திருக்கும்? நடக்காத ஒன்றைத் தீர்ப்புச் சொல்வதுதான் இங்கே நடுவரின் வேலை. ஊகம் தறிகெட்டு ஓடாமலிருக்க விதி நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது.

1. ஃபவுல் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம்? மீட்டர் கணக்கு எதுவும் விதியில் இல்லை. கோலுக்கு 20 மீட்டரில் என்றால் பெரும்பாலும் ஆம். நடுக்கோட்டருகே என்றால் பெரும்பாலும் இல்லை. ஏனென்றால் அந்த 50 மீட்டரை ஓடி முடிப்பதற்குள் டிஃபெண்டர் யாராவது எட்டிப்பிடிக்க நேரம் இருக்கிறது. ஆனால் கோல்கீப்பர் கார்னர் கிக்குக்காக எதிர்முனைக்குப் போய்விட்ட கடைசி நிமிடத்தில், காலியான கோலை நோக்கி ஒருவர் நடுக்கோட்டைத் தாண்டி ஓடினால்? தூரம் அதிகம்தான், வாய்ப்பும் வெளிப்படைதான். தூரத்தைத் தனியாக எடுத்துவைத்து அளக்க முடியாது என்பதற்கு இது உதாரணம்.

2. ஆட்டத்தின் பொதுப் போக்கு எந்தத் திசையில்? 'பொது' என்ற சொல் முக்கியம். கோல்கீப்பரைச் சுற்றிக் கடக்க ஃபார்வர்ட் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறார். அந்த நொடியில் கீப்பர் காலைப் பிடித்து இழுக்கிறார். ஃபவுல் நடந்த கணத்தில் பந்து கோலை நோக்கிப் போகவில்லையே என்று வாதாடலாம். எடுபடாது. மொத்த நகர்வும் கோலை நோக்கித்தான். மாறாக, பந்து கார்னர் கொடியை நோக்கி ஓடி, ஃபார்வர்டும் அதைத் துரத்தி ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தால், பின்னால் டிஃபெண்டரே இல்லாவிட்டாலும் விடை மாறிவிடும்.

3. பந்து அவர் வசம் இருந்ததா, அல்லது வந்திருக்குமா? காலில் பந்து ஒட்டியிருக்க வேண்டும் என்று இல்லை. காற்றில் வரும் பாஸை அவர் எட்டியிருப்பார் என்றாலே போதும். ஆனால் அவர் முதல் தட்டிலேயே பந்தைப் பலமாக முன்னே தள்ளிவிட்டு, கீப்பர் குனிந்து எடுக்கும் தூரத்துக்கு அது போய்விட்டது என்றால் பறிபோக அங்கே வாய்ப்பே இல்லை. நான்கு கேள்விகளில் பார்வையாளர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஸ்டாண்டிலிருப்பவர் கண் விழுந்த ஆளைப் பார்க்கிறது. நடுவர் பந்து எங்கே போனது என்றும் பார்த்தாக வேண்டும்.

4. மற்ற டிஃபெண்டர்கள் எங்கே, எத்தனை பேர்? 'கடைசி ஆள்' கதை பிறந்த இடம் இது. விதி எண்ணிக்கையை மட்டும் கேட்கவில்லை, இடத்தையும் கேட்கிறது. ஃபவுல் செய்தவருக்கு இணையாக இன்னொரு டிஃபெண்டர் மைதானத்தின் மறு ஓரத்தில் நிற்கிறார், ஓடிவந்தாலும் எட்டமாட்டார் என்றால் அவர் இருந்தும் இல்லாததுபோல்தான். ஃபவுல் செய்தவர் கடைசி ஆள் இல்லை, ஆனாலும் சிவப்பு. அதேபோல், பத்தடி பின்னாலிருந்து நேராக நடுவில் ஓடிவரும் ஒருவர் ஷாட்டுக்கு முன் குறுக்கே விழுந்துவிட முடியும் என்றால் கடைசி ஆளே ஃபவுல் செய்திருந்தாலும் மஞ்சள். கோல்கீப்பர் இருந்தார் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. கீப்பரோடு நேருக்கு நேர் என்பதே வெளிப்படையான வாய்ப்புதான்.

நான்கையும் பரிசீலிக்க வேண்டும் என்கிறது விதி. மார்க் போட்டுக் கூட்டும் முறை எதையும் தரவில்லை. நடைமுறையில் நான்கில் ஒன்று பலமாக ஆட்டம் கண்டாலே 'வெளிப்படையான' என்ற சொல் கீழே விழுந்துவிடுகிறது.

இதைப் பார்க்க நல்ல இடம் 2021 ஜூலையில் நடந்த யூரோ 2020 இறுதி ஆட்டம். 90 நிமிடம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடுகின்றன. இங்கிலாந்தின் புகாயோ சாகா, இத்தாலியின் ஜார்ஜியோ கியெல்லினியைத் தாண்டிவிட்டார். கியெல்லினி அவர் கழுத்துப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்து அப்படியே இழுத்து நிறுத்தினார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: சிவப்பு ஏன் இல்லை? நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் காட்டியது மஞ்சள்.

நான்கு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். இடம் நடுக்கோட்டை ஒட்டி, கோல் வெகுதூரம். சாகா பக்கக்கோட்டு ஓரத்தில். அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். பந்தை அவர் இன்னும் முழுதாக வசப்படுத்தவில்லை. நடுவில் ஓடிவந்து மறிக்க மற்றவர்களுக்கு நேரமும் இருக்கிறது. அசிங்கமான ஃபவுல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பறிபோனது ஒரு நல்ல தாக்குதல். வெளிப்படையான கோல் வாய்ப்பு அல்ல. அசிங்கத்துக்கென்று தனியாக ஒரு சிவப்பு இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இன்றைய விதியில் அதற்கு இடமில்லை.

பாக்ஸுக்குள் வந்தால் ஏன் கணக்கு மாறுகிறது

2016 வரை பாக்ஸுக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் இல்லை. வாய்ப்பைப் பறித்தால் சிவப்பு, அவ்வளவுதான். உள்ளே நடந்தால் கூடவே பெனால்டி. சிவப்பு கண்டவருக்கு அடுத்த ஆட்டத்தில் தடையும் வரும். ஒரு தவறுக்கு மூன்று அடி. ஐரோப்பாவில் இதை 'மும்முறைத் தண்டனை' என்றே பெயர் வைத்துப் பல ஆண்டு புலம்பினார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கீப்பர் பந்துக்குப் பாய்ந்து அரைநொடி தாமதமானால் பெனால்டியும் போய், ஆளும் போய், மீதி 80 நிமிடம் பார்க்க வந்தவர்களின் காசும் போய்விடும்.

விதிகளை எழுதும் சர்வதேச வாரியத்தில் மொத்தம் எட்டு ஓட்டுகள். பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு ஒவ்வொன்று, ஃபிஃபாவுக்கு நான்கு. ஆறு சேர்ந்தால்தான் எதுவும் மாறும். 1886இல் தொடங்கிய அந்த வாரியம் சுலபத்தில் அசையாது. 2016இல் அசைந்தது. இன்றைய நிலை இது:

1. பாக்ஸுக்குள் வாய்ப்பைப் பறிக்கும் ஃபவுல் நடந்து பெனால்டி கொடுக்கப்பட்டால், அந்த ஃபவுல் பந்தை ஆட முயன்றதால் நேர்ந்தது என்றால் மஞ்சள். பந்துக்காகப் போட்டியிட்டதால் நேர்ந்ததும் இதில் சேரும் என்று பின்னர் விரித்து எழுதினார்கள்.

2. பிடித்து இழுத்தல், தள்ளுதல், பந்தை எட்டவே வாய்ப்பில்லாத இடத்திலிருந்து காலைத் தட்டுதல் ஆகியவற்றுக்குப் பாக்ஸுக்குள்ளும் சிவப்புதான். பெனால்டியும் உண்டு.

3. பாக்ஸுக்கு வெளியே என்றால் பந்தை ஆட முயன்றாரா என்ற கேள்வியே எழாது. நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்றால் சிவப்பு.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு ஃபவுல்களுக்கு விடை இதுதான். உள்ளே விழுந்தவரின் அணிக்கு 11 மீட்டரிலிருந்து, சுவர் ஏதுமில்லாமல், கீப்பரை மட்டும் எதிர்கொள்ளும் உதை கிடைத்தது. பெனால்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகின்றன. கீப்பரோடு நேருக்கு நேர் ஓடிய ஃபார்வர்டுக்குக்கூட அவ்வளவு உத்தரவாதம் இருந்திருக்காது. பறிபோனதைவிட நல்ல வாய்ப்பே திரும்பி வந்துவிட்டது. பாக்கி ஏதும் இல்லாததால் மஞ்சளோடு விட்டுவிடலாம். வெளியே விழுந்தவரின் அணிக்குக் கிடைத்தது ஒரு ஃப்ரீ கிக். எதிரே நான்கைந்து பேர் சுவர்போல நிற்பார்கள். அந்தத் தூரத்திலிருந்து பத்துக்கு ஒன்று கோலானாலே பெரிய விஷயம். வாய்ப்பில் பெரும்பகுதி திரும்ப வரவில்லை. அந்தப் பாக்கிக்கு ஈடாகத்தான் ஓர் ஆளை வெளியே அனுப்புகிறார்கள். ஓரடி இடைவெளியில் தண்டனை தலைகீழாவது விதியின் கோளாறு இல்லை, விதி அப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

'பந்தை ஆட முயன்றாரா' என்பதில்தான் இப்போது சண்டைகள் அதிகம். நோக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2021 பிப்ரவரியில் வுல்வ்ஸ் அணிக்கு எதிராக ஆர்சனலின் டேவிட் லூயிஸ், பாக்ஸுக்குள் ஓடிய வில்லியன் ஜோசேயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். லூயிஸின் முழங்கால் முன்னே ஓடியவரின் குதிகாலில் உரசியது; அவர் விழுந்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. பெனால்டியோடு சிவப்பு. ஆர்சனலின் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

எப்படி? வேண்டுமென்று செய்தாரா என்று விதி கேட்கவில்லை. பந்தை ஆட முயன்றபோது நடந்ததா என்று கேட்கிறது. லூயிஸ் பந்துக்குக் காலை நீட்டவே இல்லை, வெறுமே ஓடினார். ஆகவே சலுகைக்குள் வரவில்லை. துணிந்து ஸ்லைடிங் டேக்கிள் போட்டுத் தவறியிருந்தால் மஞ்சளோடு தப்பியிருப்பார். ஒன்றுமே செய்யாமல் ஓடியதால் வெளியே போனார். சட்டத்தின் எழுத்துப்படி இது சரி. ஆனால் என் கருத்தில், இந்த விதியின் பலவீனமான ஓட்டையும் இதுவே. தற்செயலான உரசலுக்கும் திட்டமிட்ட சட்டை இழுப்புக்கும் ஒரே தண்டனை என்பது பாக்கிக் கணக்கோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் பெனால்டி கிடைத்துவிட்டதே.

தம்பிக்கும் இதே சலுகை உண்டு. பாக்ஸுக்குள் 'நம்பிக்கை தரும் தாக்குதலை' பந்தை ஆட முயன்று நிறுத்தினால் பெனால்டி மட்டும், கார்டே இல்லை.

விசில் ஊதாவிட்டால்?

அட்வான்டேஜ் என்பது ஃபவுல் நடந்தும் ஆட்டத்தை நிறுத்தாமல் விடுவது. கோல் வாய்ப்பைப் பறிக்கும் ஃபவுல் நடந்தும் பந்து தாக்கும் அணியிடமே இருக்கிறது, நடுவர் கையை முன்னே நீட்டி ஆடவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 விதிப்புத்தகப்படி, பந்து அடுத்து வெளியே போனதும் சிவப்புக்குப் பதில் மஞ்சள் காட்டப்படும். வாய்ப்பு உண்மையில் பறிபோகவில்லை என்பதே காரணம். பாக்கி இல்லை, சிவப்பும் இல்லை.

இதன் மறுபக்கத்தை 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் காட்டியது. பாரிஸில் பார்சலோனா - ஆர்சனல், 18ஆவது நிமிடம். சாமுவேல் எட்டோ கீப்பர் யென்ஸ் லேமனைத் தாண்டப் பார்க்கிறார். பாக்ஸுக்கு வெளியே லேமன் அவரை வீழ்த்துகிறார். பந்து உருண்டு லூடோவிக் ஜூலி காலுக்குப் போக, அவர் காலி கோலுக்குள் தட்டிவிடுகிறார். அதற்குள் நடுவர் டெர்ஜே ஹௌகே விசில் ஊதிவிட்டார். கோல் செல்லாது, லேமனுக்குச் சிவப்பு, பார்சலோனாவுக்கு ஃப்ரீ கிக். ஒரு நொடி பொறுத்திருந்தால் ஒரு கோல், ஒரு மஞ்சள், 11-க்கு 11 ஆட்டம். எந்த அணிக்கும் பிடிக்காத முடிவாக அது அமைந்தது. கடைசியில் பத்துப் பேரோடு ஆடிய ஆர்சனல் 2-1 எனத் தோற்றது. இன்று நடுவர்கள் பாக்ஸருகே விசிலை வாயருகே வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்குவதைப் பார்க்கலாம். கண்ணில்படவில்லை என்று நினைத்து ஸ்டாண்ட் கத்தும் நொடியும் அதுதான்.

இன்னொரு வழி, சட்டென்று எடுக்கும் ஃப்ரீ கிக். நடுவர் கார்டு காட்டும் வேலையை இன்னும் தொடங்கவில்லை என்றால், தாக்கும் அணி விசிலுக்குக் காத்திராமல் ஃப்ரீ கிக்கை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்து வெளிப்படையான கோல் வாய்ப்பு உருவாகிவிட்டால், அடுத்த நிறுத்தத்தில் காட்டப்படுவது சிவப்பு அல்ல, மஞ்சள். இதுவும் அதே கணக்கு. 2019இல் எழுதிச் சேர்த்தார்கள்.

சட்டென்று எடுக்கும் ஃப்ரீ கிக் என்றதும் பெங்களூருவில் யாருக்கும் 2023 மார்ச் 3 நினைவுக்கு வராமல் இருக்காது. கண்டீரவாவில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக்-அவுட், பெங்களூரு எஃப்.சி. - கேரளா பிளாஸ்டர்ஸ். கூடுதல் நேரத்தில் பிளாஸ்டர்ஸ் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் போட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். ஆட்டம் பெங்களூருவுக்கு எழுதப்பட்டது. பின்னர் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அங்கே இருந்தது சிவப்பு கார்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் நடுவரின் ஒரு சைகைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைக் காட்டியது. சுவரைத் தள்ளி நிறுத்தவோ, கார்டு எடுக்கவோ அவர் தொடங்கிவிட்டால் விசில் வரும்வரை உதைக்க முடியாது. தொடங்கவில்லை என்றால் உதைக்கலாம்.

கையால் தடுத்தால்

ஹேண்ட்பாலுக்குத் தனி ஏற்பாடு. இங்கே பறிபோவது வாய்ப்பு மட்டுமில்லை, சில சமயம் கோலே.

எல்லாருக்கும் தெரிந்தது 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் காலிறுதி, உருகுவே - கானா, 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் டொமினிக் அடியியாவின் தலைமுட்டு கோலுக்குள் போகையில், கோல்கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரெஸ் இரு கையாலும் தட்டிவிட்டார். சிவப்பு, பெனால்டி. அசமோவா கியான் உதைத்தது கோலின் குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. பெனால்டி ஷூட்-அவுட்டில் உருகுவே 4-2 என வென்றது. வெளியே போன சுவாரெஸ் சுரங்கப்பாதை வாயிலில் நின்று துள்ளிக் குதித்ததை ஆப்பிரிக்கா இன்னும் மறக்கவில்லை.

இன்றும் முடிவு மாறாது. வேண்டுமென்றே கையால் தடுத்தால் பாக்ஸுக்குள்ளோ வெளியிலோ சிவப்பு. கோலுக்குள் போன பந்தை நிறுத்திவிட்டு நான்கில் மூன்று வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்தால் பாக்கி அங்கே மிச்சமிருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2024இல் ஒரு மாற்றம் வந்தது: கையை அகலமாக விரித்து வைத்திருந்ததால் பந்து பட்டது, வேண்டுமென்று செய்ததல்ல, பெனால்டியும் கொடுக்கப்பட்டது என்றால் மஞ்சள் போதும். டேவிட் லூயிஸ் வகை உரசலுக்குக் கொடுக்காத சலுகையைக் கைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கோல்கீப்பர் தன் பாக்ஸுக்குள் கையால் தொட்டதற்காகப் பொதுவாக இந்தச் சிவப்பைப் பெற மாட்டார். பாக்ஸைவிட்டு வெளியே வந்துவிட்டால் அவரும் சாதாரண ஆட்டக்காரர்தான்.

கணக்குத் தெரிந்தவர்கள்

விதி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 10ஆவது நிமிடத்துச் சிவப்பும் 115ஆவது நிமிடத்துச் சிவப்பும் காகிதத்தில் ஒன்று, மைதானத்தில் ஒன்றல்ல. 2020 ஜனவரி, ஜெத்தாவில் ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை இறுதி. ரியல் மாட்ரிட் - அத்லெட்டிகோ 0-0. 115ஆவது நிமிடத்தில் ஆல்வரோ மொராட்டா கோலை நோக்கித் தனியாக ஓட, ஃபெடரிகோ வால்வெர்டே பின்னாலிருந்து காலை வாரிவிட்டார். பாக்ஸுக்கு வெளியே. சந்தேகமில்லாத சிவப்பு, ஃப்ரீ கிக். மீதி ஐந்து நிமிடத்தை ரியல் பத்துப் பேரோடு ஓட்டி, ஷூட்-அவுட்டில் 4-1 என வென்றது. வால்வெர்டே ஆட்டநாயகன். வெளியேறும்போது எதிரணிப் பயிற்சியாளர் சிமியோனே அவரைத் தட்டிக்கொடுத்தார்.

1980இல் வில்லி யங் போட்ட கணக்குதான் இது. விலை மட்டும் ஏறியிருக்கிறது. ஆட்டம் முடியும் நேரத்தில் அந்த விலையும் மலிவாகிவிடுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் வெளியே நடந்தாலும் பெனால்டி கொடுக்கலாம் என்று சிலர் கேட்பதுண்டு. அப்படி எழுதினால் 'எந்த நிமிடத்திலிருந்து?' என்று அடுத்த சண்டை தொடங்கும்.

வி.ஏ.ஆர். என்ன செய்யும், இல்லாத இடத்தில் என்ன நடக்கும்

வீடியோ உதவி நடுவர் தலையிடக்கூடியவற்றில் நேரடிச் சிவப்பு ஒன்று. ஆகவே நடுவர் மஞ்சள் காட்டியது டாக்சோவாக இருக்க வேண்டும் என்று தோன்றினாலும், சிவப்பு காட்டியது தப்பு என்று தோன்றினாலும் அவர்கள் கூப்பிடலாம். ஃபவுல் உள்ளேயா வெளியேயா என்பது அளந்து சொல்லும் விஷயம். திரைக்கு ஓடத் தேவையில்லை. மறிக்க இன்னொருவருக்கு நேரம் இருந்ததா என்பது தீர்ப்பு. நடுவரே மானிட்டரைப் பார்ப்பார். அதற்கு முன் ஃபார்வர்ட் ஆஃப்சைடில் (பாஸ் கொடுத்த நொடியிலேயே டிஃபெண்டர்களைத் தாண்டி) இருந்தார் என்று தெரிந்தால் மொத்தக் கணக்கும் அழிந்துவிடும். ஆஃப்சைடில் இருப்பவருக்குப் பறிகொடுக்க வாய்ப்பு ஏது? ஆனால் அந்த ஃபவுல் முரட்டு ஃபவுலாக இருந்தால் அதற்குரிய கார்டு தனியாக நிற்கும்.

ஐ.எஸ்.எல்.லில் 2024-25 சீசன்வரை வி.ஏ.ஆர். கிடையாது. அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தில் நடக்கும் உள்ளூர் லீக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே நடுவருக்கு ஒரே துணை உதவி நடுவர், நம் பேச்சில் லைன்ஸ்மேன். ஆஃப்சைடுக்காக அவர் எப்போதும் டிஃபெண்டர்களின் வரிசையில்தான் ஓடுகிறார். அதனால் நான்காம் கேள்விக்கு, யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு, மைதானத்திலேயே நல்ல சாட்சி அவர்தான். விசிலுக்குப் பின் நடுவர் கார்டை எடுக்காமல் கோட்டோரம் நடந்து போய்ப் பேசினால் குழம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. அந்தச் சாட்சியைக் கேட்கப் போகிறார். ஆட்டம் மறுபடி தொடங்கும்வரைதான் முடிவை மாற்ற முடியும். அதனால்தான் அந்த அரை நிமிடத் தாமதம்.

கடைசியாக, அடிக்கடி நடக்கும் ஒன்று. டிஃபெண்டர் பாக்ஸுக்கு இரண்டடி வெளியே ஃபார்வர்டின் சட்டையைப் பிடிக்கிறார். விடவில்லை. இருவரும் இழுபட்டபடி கோட்டைத் தாண்டி உள்ளே போய் விழுகிறார்கள். ஃபவுல் தொடங்கியது வெளியே, எனவே ஃப்ரீ கிக் என்று தற்காக்கும் அணி வாதாடும். விதி இதில் தெளிவு: வெளியே தொடங்கிய பிடி உள்ளேயும் தொடர்ந்தால் பெனால்டி. கோடும் பாக்ஸைச் சேர்ந்ததே. சட்டையைப் பிடிப்பது பந்தை ஆடும் முயற்சி ஆகாது, எனவே 2016இன் சலுகையும் இல்லை. பெனால்டி, சிவப்பு, அடுத்த ஆட்டத்தில் தடை: பழைய மூன்று அடியும் இவருக்கு அப்படியே விழும். வெளியே பிடித்தவுடன் கையை விட்டிருந்தால் ஆட்டம் அட்வான்டேஜில் ஓடியிருக்கும். அவருக்கு மஞ்சள்தான் வந்திருக்கும்.